வலது, இடது, மறுபடியும் வலது



சைகோன் போய்விட்டு வந்ததிலிருந்து "படம் மட்டும் போட்டீங்க, ஒண்ணும் எழுதலையே டீச்சர்" என்று நிறையப் பேர் கேட்டுவிட்டீர்கள். கோயில் படத்தையும் ஆற்றுப் படகுப் படத்தையும் பார்த்துவிட்டு லைக் போட்டவர்களுக்கு நன்றி. ஆனால் அந்த ஊரில் என் மனதில் நின்றது கோயிலும் இல்லை, ஆறும் இல்லை. ரோடுதான். அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பழைய விஷயம் ஒன்றும் கூடவே வருகிறது. அதனால்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். காபி குடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

இப்போது திருச்சியிலிருந்தே சைகோனுக்கு விமானம் இருக்கிறது. மாப்பிள்ளைதான் "அத்தை, சென்னை போய் வர்ற நேரத்துல வியட்நாம் போயிடலாம்" என்று கூட்டிக்கொண்டு போனார். மகள், மாப்பிள்ளை, பத்து வயதுப் பேரன், நான், நான்கு பேர். ஊரின் அரசாங்கப் பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் அங்கே இருப்பவர்கள் பேச்சில் இன்றும் சைகோன்தான். நாம் பெரியார் பஸ் நிலையத்தை ரொம்ப காலம் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு என்று சொன்ன மாதிரி.

முதல் நாள் காலையில் பென் தான் மார்க்கெட்டுக்குப் போகக் கிளம்பினோம். 1914-இல் திறந்த பழைய மார்க்கெட் அது. தங்கிய இடத்திலிருந்து ஒரே ஒரு ரோட்டைத் தாண்டினால் போதும். அந்த ஒரு ரோட்டுக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றோம்.

மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள், மோட்டார் சைக்கிள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று கோரிப்பாளையத்தில் ஜனங்கள் போவார்களே, அந்தக் கூட்டத்தில் ஆளுக்கொரு வண்டி கொடுத்தால் எப்படியோ அப்படி. அந்த நகரத்தில் மட்டும் எழுபது லட்சம் மோட்டார் சைக்கிள்களுக்கு மேல் பதிவாகி இருக்கின்றன. ஒரு வண்டியில் கண்ணாடிக் கதவு, ஒரு வண்டியில் மீன் தொட்டி, ஒரு வண்டியில் அப்பா அம்மா நடுவில் இரண்டு பிள்ளைகள். பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு எல்லாம் இருக்கின்றன. ஆனாலும் எங்கிருந்தாவது வந்துகொண்டே இருக்கிறார்கள்.

பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாச்சி, நீங்க சொல்லிக் குடுத்த மாதிரி பார்த்துட்டுப் போவமா?" என்றான். சரி என்றேன். வலது பார்த்தேன். இடது பார்த்தேன். மறுபடியும் வலது பார்த்தேன். வலப்பக்கம் காலியாக இருந்தது. காலை எடுத்து வைத்தேன்.

இடப்பக்கமிருந்து வந்த வண்டியின் கைப்பிடி என் சேலைத் தலைப்பை உரசிக்கொண்டு போனது. ஓட்டியவர் காலைத் தரையில் ஊன்றித் திரும்பிப் பார்த்தார், தலையை ஆட்டினார், போய்விட்டார். மாப்பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் பின்னால் இழுத்தார். "அத்தை, இங்க வண்டியெல்லாம் வலது பக்கம் போகுது. நமக்குப் பக்கத்துல வர்ற வண்டி இடது பக்கத்துலேர்ந்துதான் வரும். முதல்ல இடதுதான் பார்க்கணும்."

நான் நடைபாதை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உடம்பு நடுங்கியது. வண்டி உரசியது ஒரு காரணம். இன்னொரு காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் படித்த பிள்ளைகள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முப்பத்து நான்கு வருஷம், ஒவ்வொரு ஜூன் மாதமும், முதல் வாரத்தில் உங்களை வரிசையாக நிற்க வைத்து அந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு பேரை சைக்கிளாக ஓடவிட்டு, மற்றவர்களைக் கடக்கச் சொல்வேன். வலது, இடது, மறுபடியும் வலது. வாய்ப்பாடு மாதிரி. இரண்டும் இரண்டும் நான்கு என்பது எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது. இந்தப் பாடமும் அப்படித்தான் என்று எனக்கே தெரியாமல் நம்பியிருக்கிறேன். அறுபது வயதுக்கு மேல்தான் தெரிகிறது, இது கணக்கு இல்லை, ஒப்பந்தம் என்று. கூடி வாழ்கிறவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். ஊர் மாறினால் ஒப்பந்தமும் மாறும்.

திரும்பி வந்ததும் இந்த இடது வலது எப்படி வந்தது என்று தேடிப் படித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன். பழக்கதோஷம், பாடம் நடத்தாமல் இருக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் 1756-இல் லண்டன் பாலத்தின் மேல் வண்டிகள் இடப்பக்கமே போக வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். 1835-இல் நாடு முழுவதற்கும் அதுவே சட்டமானது. குதிரையில் போகிறவன் எதிரில் வருகிறவனுக்குத் தன் வலக்கையை நேராக வைத்துக்கொள்ள விரும்பினான், கத்தி பிடிக்கிற கை அதுதானே, அதனால் இடது ஓரமாகப் போனான் என்று ஒரு காரணம் சொல்வார்கள். பிரான்சில் புரட்சிக் காலத்துக்குப் பிறகு வலப்பக்கம் நிலைபெற்றது. நெப்போலியன் படை போன இடமெல்லாம் அந்தப் பழக்கமும் போனது என்பார்கள். எந்த நாட்டுக்காரன் எந்த நாட்டை ஆண்டானோ அவன் பழக்கம் அந்த நாட்டு ரோட்டில் ஏறிக்கொண்டது. நம்மை ஆண்டவன் ஆங்கிலேயன், அதனால் இடது. வியட்நாமை ஆண்டவன் பிரெஞ்சுக்காரன், அதனால் வலது.

இதை நம் ஆட்களை வைத்துப் பார்த்தால் இன்னும் நன்றாகப் புரியும். பிழைக்கப் போன தமிழர்களில் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் இடப்பக்க ரோட்டில் நடந்தார்கள். சைகோனுக்குப் போனவர்கள் வலப்பக்க ரோட்டில் நடந்தார்கள். ரங்கூனில் இருந்தவர்கள் இரண்டையும் பார்த்தார்கள்.

ரங்கூன் கதை எங்கள் வீட்டுக் கதையும்கூட. என் பெரியப்பா அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். 1964-இல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கியபோது, கப்பலேறி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவர் குடும்பமும் ஒன்று. அங்கேயே தங்கிவிட்ட அவருடைய கூட்டாளி ஒருவர் எப்போதாவது கடிதம் போடுவார். 1970 டிசம்பர் 6-ஆம் தேதி நெ வின் அரசு நாடு முழுவதும் போக்குவரத்தை இடதிலிருந்து வலதுக்கு மாற்றியது. ஜோசியர் சொன்னார் என்று மாற்றியதாக ஒரு பேச்சு உண்டு. வெள்ளைக்காரன் பழக்கத்தை ஒழிக்க என்று இன்னொரு பேச்சு. பக்கத்தை மாற்றினார்களே தவிர வண்டிகளை மாற்ற முடியுமா? ஸ்டியரிங் பழையபடி வலப்பக்கமே இருந்தது. பஸ்ஸின் வாசல் இடப்பக்கம். ரோடு மாறியதும் அந்த வாசல் நடைபாதையை விட்டு நடு ரோட்டைப் பார்த்துத் திறந்தது. இறங்குகிறவர் ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் இறங்க வேண்டும். "நல்லவேளை நீங்கள் முன்னாலேயே போய்விட்டீர்கள், இங்கே பஸ்ஸைவிட்டு இறங்கவே பயமாக இருக்கிறது" என்று கூட்டாளி எழுதியதைப் பெரியப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். சிறுமியாக இருந்த எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் 1967 செப்டம்பர் 3-ஆம் தேதி சுவீடன் நாடும் இதே மாதிரி இடதிலிருந்து வலதுக்கு மாறியது. அங்கே 1955-இல் மக்களிடம் கேட்டபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேல் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். ஆனாலும் சுற்றியுள்ள நாடுகள் எல்லாம் வலது என்பதால் அரசு முடிவெடுத்து, பல வருஷம் தயார் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை 5 மணிக்கு மாற்றியது. பெரிய விபத்து நடக்கும் என்று எல்லோரும் பயந்தார்கள். நடந்தது நேர்மாறு. மாறிய புதிதில் விபத்துகள் குறைந்தன. எல்லோரும் பயந்து பயந்து, ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்து ஓட்டினார்கள். பழகிய பிறகு விபத்துகளும் பழைய கணக்குக்கே வந்துவிட்டன. பிள்ளைகளா, இந்த இடத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தப்பான பக்கம் பார்த்தது நான் மட்டும் இல்லை என்பதும் படித்தபோது தெரிந்தது. 1931 டிசம்பர் 13-ஆம் தேதி நியூயார்க்கில் ஐந்தாவது அவென்யூவைக் கடந்தபோது வின்ஸ்டன் சர்ச்சில் மேல் கார் மோதியது. பின்னாளில் இங்கிலாந்துப் பிரதமர் ஆனவர்தான். ஊர்ப் பழக்கத்தில் தவறான பக்கம் பார்த்துவிட்டார். பலத்த அடியோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓட்டியவர் மேல் குற்றமில்லை, என் தவறுதான் என்று அவரே சொல்லிவிட்டார். லண்டனில் இன்றும் ரோட்டைக் கடக்கிற இடங்களில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தரையிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று எனக்கு இப்போது தெரியும்.

சைகோனுக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்தது இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1860-களில் அங்கே கால் ஊன்றிய பிறகு, அவர்கள் கையில் இருந்த புதுச்சேரி, காரைக்காலிலிருந்து தமிழர்கள் போனார்கள். போலீஸ்காரர், காவல்காரர், வரி வசூல் என்று அரசாங்க வேலைகளில் அமர்ந்தார்கள். நகரத்தார் வட்டித் தொழிலுக்குப் போனார்கள். அவர்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில் இன்றும் நடு ஊரில் இருக்கிறது. ட்ருவாங் தின் தெருவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 1975-இல் போர் முடிந்த பிறகு தமிழர்களில் பெரும்பாலோர் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள். நான் போன அன்று மாரியம்மன் முன்னால் கைகூப்பி நின்றவர்களில் நாங்கள் நான்கு பேர்தான் தமிழர்கள். மற்றவர்கள் எல்லாம் அந்த ஊர்க்காரர்கள். கையில் ஊதுபத்திக் கட்டோடு வந்து, கர்ப்பக்கிரகத்தின் பின்சுவரில் நெற்றியை வைத்து, ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள். மொழி தெரியாவிட்டாலும் வேண்டுதல் என்று தெரிகிறது.

அந்த ஊர் ரோட்டிலும் நம் ஆட்கள் தடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சைகோனில் வாடகைக்கு ஓடிய சின்னக் குதிரை வண்டிக்கு "மலபார்" என்று பெயர். தீப்பெட்டி மாதிரி நாலு பக்கமும் அடைத்த பெட்டி வண்டி. பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களை மலபார் என்றுதான் அழைத்தார்கள். வண்டி ஓட்டியவர்கள் நம் ஆட்கள் என்பதால் வண்டிக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம்ம ஊர் ஜட்கா வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வண்டிக்காரர்களில் எத்தனை பேர் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய ஊர்களிலிருந்து போய், வலப்பக்கம் ஓட்டப் பழகினார்களோ!

குதிரை வண்டிக்குப் பிறகு சைக்கிள் ரிக்‌ஷா, 1930-களின் கடைசியில். அங்கே ஓட்டுகிறவர் பின்னால் உட்காருவார், சவாரி முன்னால். மோதினால் முதல் அடி சவாரிக்குத்தான் என்று மாப்பிள்ளை சிரித்தார். ஜப்பானில் ஹோண்டா கம்பெனி 1958-இல் சூப்பர் கப் என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தது. அமெரிக்கப் பணம் புழங்கிய 1960-களில் அந்த மாதிரி ஜப்பான் வண்டிகள் தெற்கு வியட்நாமுக்கு வந்து குவிந்தன. மோட்டார் சைக்கிள் என்றாலே "ஹோண்டா" என்று சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. போருக்குப் பிறகு பெட்ரோலுக்கே பஞ்சம், எல்லோரும் சைக்கிளுக்குத் திரும்பினார்கள். 1986-இல் "தோய் மோய்" என்று பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு மறுபடியும் வண்டிகள் வந்தன. 1997 முதல் ஹோண்டா அங்கேயே வண்டி செய்யத் தொடங்கியது. 2000-ஐ ஒட்டி மலிவான சீன வண்டிகள் வந்ததும் கூலி வேலை செய்கிறவர் வீட்டுக்கும் ஒன்று வந்துவிட்டது.

நமக்கு இது புதுக் கதையா? நம்ம மதுரைக் கம்பெனி குடும்பத்திலிருந்து 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தபோது இங்கே நடந்ததும் இதுதானே! பால்காரர், கொத்தனார், பூக்காரம்மா வீட்டுக்காரர், எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் எல்லோரும் ஒரே வண்டியில்தான் வந்தார்கள். அங்கே வாடகை மோட்டார் சைக்கிளுக்கு "ஸே ஓம்" என்று பெயர். ஸே என்றால் வண்டி. ஓம் என்றால் கட்டிப்பிடித்தல். ஓட்டுகிறவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போகிற வண்டி! பேரன் நாள் முழுக்க "ஓம், ஓம்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு ஊரின் வீதிகளுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. நம் வெளி வீதிகள் கோட்டைக்கு வெளியே அகழி இருந்த இடம். பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் கோட்டைச் சுவரை இடித்து அகழியை மூடினார்கள். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி பெயர்கள் இன்னும் தெருக்களில் இருக்கின்றன. சைகோனில் நுயென் ஹுவே என்ற பெரிய வீதியும் அப்படித்தான், 1887-இல் மூடப்பட்ட கால்வாய். தேர் ஓடவும் படகு ஓடவும் இருந்த இடத்தில்தான் இன்று இத்தனை வண்டியும் ஓடுகிறது.

ஆனால் சுற்றுகிற திசை வேறு. நம்ம ஊர் ரவுண்டானாவில் எல்லா வண்டியும் நடுவில் இருப்பதைத் தன் வலப்பக்கம் வைத்துக்கொண்டு சுற்றும். சித்திரைத் தேர் கீழமாசி, தெற்குமாசி, மேலமாசி, வடக்குமாசி என்று வருகிற அதே வலம். இது தற்செயல்தான், வெள்ளைக்காரன் மீனாட்சியை நினைத்துச் சட்டம் போடவில்லை. சைகோனில் ஆமைக் குளம் என்று ஒரு பெரிய ரவுண்டானா. அங்கே அத்தனை வண்டியும் இடமாகச் சுற்றுகிறது. நின்று பார்த்தால் எனக்குத் தலை சுற்றியது. அறுபது வருஷம் வலம் வந்த கண்ணுக்கு அது ஆகவில்லை.

சரி, அந்த ரோட்டை எப்படித் தாண்டினேன் என்று சொல்லவில்லையே.

நடைபாதையில் நான் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்தில் கூடையில் பழம் விற்ற ஒரு அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். என் வயது இருக்கும். கூம்புத் தொப்பி. எழுந்து வந்தார். என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். வண்டிகள் வந்துகொண்டிருக்கும்போதே ரோட்டில் இறங்கிவிட்டார். நான் பயந்து நிற்கப் பார்த்தேன், விடவில்லை. வேகமாகப் போகப் பார்த்தேன், அதற்கும் விடவில்லை. ஒரே சீராக, கோயில் பிரகாரத்தில் நடக்கிற மாதிரி நடந்தார். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்தார். வண்டிகள் எங்களுக்கு முன்னாலும் பின்னாலும் பிரிந்து போயின. யாரும் நிற்கவில்லை, யாரும் திட்டவில்லை. கல்லைச் சுற்றி வாய்க்கால் தண்ணீர் போகிற மாதிரி. அந்தப் பக்கம் போனதும் என் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, வந்த மாதிரியே திரும்பிப் போய்விட்டார்.

பிறகு நான்கு நாளில் நாங்களும் பழகிக்கொண்டோம். ஓடக்கூடாது. திடீரென்று நிற்கக்கூடாது. முக்கியமாக, பின்னால் காலை வைக்கவே கூடாது. நீ எங்கே போவாய் என்று ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் அவன் விலகிப் போவான். பார்க்கக் கலவரமாக இருக்கிற அந்த ரோட்டுக்குள்ளும் ஒரு ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஊரை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். அங்கேயும் ரோட்டில் ஆயிரக்கணக்கில் சாகிறார்கள். 2007-இல் மட்டும் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல். அந்த வருஷம் டிசம்பர் 15-ஆம் தேதி முதல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். சில நாளிலேயே நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் போட்டுவிட்டார்கள். நமக்குத் தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் உயர் நீதிமன்றம் கட்டாயம் ஆக்கியது. இன்றைக்கும் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல்தான் உட்கார்ந்து போகிறது. சிவப்பு விளக்கைத் தாண்டினால் கட்ட வேண்டிய அபராதத்தை 2025 ஜனவரி 1 முதல் அங்கே பல மடங்கு உயர்த்திவிட்டார்கள். அதற்குப் பத்து நாள் முன்னால்தான் முதல் மெட்ரோ ரயிலும் ஓடத் தொடங்கியது.

இப்போது அந்த இன்னொரு காரணம்.

1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் இந்தப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருக்கிறீர்கள். யாரைச் சொல்லப் போகிறேன் என்று இந்நேரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். அவன் அம்மா இன்னும் இருக்கிறார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எதைக் கேட்டாலும் முதலில் கை தூக்குவானே, அவன்தான். சாயங்காலம் பள்ளி விட்டு மெயின் ரோட்டைக் கடந்தபோது வேன் மோதியது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரில் எல்லோரும் என்ன சொன்னார்கள்? "பையன் பார்க்காம ஓடிட்டான்." நானும் அப்படித்தான் நினைத்தேன். இத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் இப்படிச் செய்துவிட்டானே என்று அழுதேன். பதினாறாம் நாள் கழித்து, பள்ளி வாசலில் கடலை விற்ற பெரியவர் என்னிடம் வந்தார். "டீச்சர், பையன் ஓடல. ஓரத்துல நின்னான். நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே அந்தப் பக்கம் பார்த்தான், இந்தப் பக்கம் பார்த்தான், மறுபடியும் அந்தப் பக்கம் பார்த்துட்டுத்தான் காலை வச்சான். வேன்தான் எதிர்த்தாப்புல வந்துச்சு."

எதிர்ப் பக்கமாக, தன் பக்கத்தை விட்டுவிட்டு, தவறான ஓரத்தில் வந்த வேன். பிள்ளை கடைசியாகப் பார்த்தது வலது. வேன் வந்தது இடது. என் பாடத்தை அவன் மறக்கவில்லை. அப்படியே செய்தான். செய்ததால் போனான்.

முப்பது வருஷத்தில் இதை நான் யாரிடமும் இத்தனை விவரமாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் ஒரு தடவை சொன்னேன், அவ்வளவுதான். அடுத்த ஜூனிலும் அதே பாடத்தைத்தான் நடத்தினேன். வேறு பாடம் எனக்குத் தெரியாது. சைகோனில் என் சேலையை வண்டி உரசியபோது, நான் நின்றது அவன் நின்ற இடம். என் கையில் பேரன். வலது, இடது, மறுபடியும் வலது. எல்லாம் சரியாகப் பார்த்தாகிவிட்டது. வண்டி மட்டும் வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

ஒன்று வித்தியாசம். சைகோனில் தவறு என்னுடையது. அந்த ஊர் ஒப்பந்தம் தெரியாமல் ரோட்டில் இறங்கியது நான். 1994-இல் ஒப்பந்தத்தைக் காப்பாற்றியவன் பத்து வயதுப் பிள்ளை. உடைத்தவர் பெரியவர்.

இந்தியாவில் 2022-இல் மட்டும் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,000 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். வண்டியே இல்லாதவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த வருஷம் நம் தமிழ்நாடுதான் முதலிடம். ஒவ்வொரு வருஷமும் வருகிற அந்த அரசாங்கப் புத்தகத்தில் "தவறான பக்கத்தில் ஓட்டியது" என்றே தனியாக ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கடலைக்காரப் பெரியவர் குரல் கேட்கிறது.

ஊர் திரும்பிய மறுநாள் காலை பால் வாங்கப் போனேன். மூன்றாவது ஸ்டாப் பக்கம் கடக்க நின்றபோது, என்னை அறியாமல் முதலில் இடது பார்த்தேன். சைகோன் பழக்கம் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பார்த்தால், இடப்பக்கமிருந்து, நம் ஓரத்திலேயே, ஒரு டி.வி.எஸ். வண்டி எதிர்த்து வருகிறது. கையை நீட்டி நிறுத்தினேன். பழைய மாணவன். நாற்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, முடி நரைத்துவிட்டது, ஆனால் என்னைப் பார்த்ததும் சட்டென்று வண்டியை விட்டு இறங்கிவிட்டான்.

"பெட்ரோல் பங்க் வரைக்கும்தான் டீச்சர். நடுவுல சுவர் வச்சுட்டாங்க. திரும்பறதுக்கு அவ்வளவு தூரம் போயி சுத்தி வரணும்."

அவன் சொன்னதும் உண்மைதான். திரும்ப வழி விடாமல் சுவர் வைத்துவிட்டால் எல்லோரும் குறுக்கு வழிதான் தேடுவார்கள். அதையும் கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும். திட்ட வாய் வரவில்லை. "நீ எந்த வருஷம்ப்பா அஞ்சாம் வகுப்பு?" என்று மட்டும் கேட்டேன். சொன்னான். 1994.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அவன் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், அப்படியே திருப்பி, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

பிள்ளைகளா, உங்களில் பஸ் ஓட்டுகிறவர்கள் இருக்கிறீர்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், லாரி வைத்திருக்கிறவர்கள், காக்கிச் சட்டை போட்டு சிக்னலில் நிற்கிறவர்கள், துபாயிலும் அமெரிக்காவிலும் வலப்பக்கம் ஓட்டுகிறவர்கள் எல்லாம் இருக்கிறீர்கள். முப்பத்து நான்கு வருஷம் நான் பாடத்தில் பாதியைத்தான் நடத்தியிருக்கிறேன். கடக்கிறவர் எப்படிக் கடக்க வேண்டும் என்று சொன்னேன். ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் வரவேண்டும் என்று சொல்லவில்லை, அப்போது உங்களுக்குக் கால் எட்டாது என்று விட்டுவிட்டேன். மீதிப் பாதியை இப்போது சொல்கிறேன். ரோட்டோரம் நிற்கிற பிள்ளை உங்களை நம்பி நிற்கிறது. நீங்கள் உங்கள் பக்கத்தில் வருவீர்கள் என்று யாரோ ஒரு டீச்சர் அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அந்த டீச்சரைப் பொய்யாக்கிவிடாதீர்கள்.

உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பாடத்தைக் கொஞ்சம் திருத்திச் சொல்லுங்கள். வலது, இடது, மறுபடியும் வலது. காலை வைக்கும் முன் இன்னொரு தடவை இடது. ஓடாதே, பின்வாங்காதே, வருகிறவர் முகத்தைப் பார்த்து நட. வெளிநாடு போனால் முதலில் அந்த ஊர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்.

பார்த்துப் போங்க. பத்திரமா இருங்க.

உங்கள் டீச்சர்,
திருநகர், மதுரை.